சோதனைக்கூடத்தில் ஒரு செயலி



2008 டிசம்பர் 29. அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக்கழகம். 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் டெர்ட்-பியூட்டைல் லித்தியம் கரைசலை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். காற்று பட்டாலே பற்றிக்கொள்ளும் சரக்கு அது. சிரிஞ்சின் தண்டு கழன்று வந்துவிட்டது. லேப் கோட் போட்டிருக்கவில்லை. மேலே செயற்கை இழை ஸ்வெட்டர். அதில் தீப்பிடித்துக்கொண்டது. 18 நாள் ஆஸ்பத்திரியில் போராடி இறந்துபோனார்.

வழக்கு, விசாரணை எல்லாம் நடந்தன. பிறகு அந்தப் பல்கலைக்கழகம் பாதுகாப்பு வேலையை மெல்ல மெல்ல கணினிக்கும் கைப்பேசிக்கும் கொண்டுவந்தது. பாட்டிலில் ஒட்டிய பார்கோடை ஸ்கேன் செய்தால், எந்த ரசாயனம் எந்த அறையில் இருக்கிறது என்று தெரியும். பாதுகாப்புச் சோதனைக்கு வருகிறவர் ஒரு குறையைக் கண்டால், அங்கேயே படம் எடுத்துச் செயலியில் போட்டுவிடலாம். காகிதத்தில் எழுதிய குறை கோப்புக்குள் போய்த் தூங்குவது நமக்கெல்லாம் பழகிய கதைதானே!

அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 677 ரசாயனங்களின் ஆபத்துகளைக் கைப்பேசியிலேயே இலவசமாகப் பார்க்கத் தருகிறது. தோலில் பட்டால் என்ன செய்வது, எந்த முகமூடி வேண்டும், எல்லாம் அதில் உண்டு. ஆனால் சட்டையில் தீப்பிடித்தவருக்குப் பக்கத்திலிருக்கும் அவசர ஷவர்தான் உதவும், செயலி அல்ல.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ரசாயனம் பட்ட கையுறையோடு போனைத் தடவிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அதே போனைக் காதில் வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. அதனால் பல சோதனைக்கூடங்களில் கையுறையோடு போனைத் தொடக்கூடாது என்றே விதி வைத்திருக்கிறார்கள்.