எழுதிக் கொடுக்குமுன்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. யாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்ட ரயில்வே எழுத்தர். படிவங்களே யாம் பயின்ற நூல்கள். ஆகவே, முதியோர் நெடுநாள் நோயுற்றுப் படுக்கையில் கிடக்குங்கால் அவர்தம் வீடும் நிலமும் என்னாகின்றன என்பது பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றோம்.

எம் பிறப்பிடம் பாறசாலையை அடுத்த எல்லையோரச் சிற்றூர். 1956 நவம்பர் முதல் நாளன்று விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதனால் இன்றும் எம்மவர் பலருக்குத் தமையன் வீடு களியக்காவிளைக்கு அப்பாலும், தம்பி வீடு இப்பாலுமாக இருக்கின்றன.

எம் தந்தையார் தமது பதினாறு சென்ட் மனையையும் வீட்டையும் எம் பெயருக்கு எழுதித் தந்தார். “கடைசி வரை உணவும் மருந்தும் தந்து பேண வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கட்டுமா?” எனப் பத்திரம் எழுதுபவர் வினவினார். பெற்ற மகனுக்கு நிபந்தனையா எனத் தந்தையார் நகைத்தார். யாமும் உடன் நகைத்தோம்.

நான்காம் ஆண்டில் அவரைப் பக்கவாதம் வீழ்த்தியது. இரவும் பகலும் உடனிருக்க ஹோம் நர்ஸ் ஒருவரை அமர்த்தினோம். எம் சம்பளத்தில் பாதி அதற்கே சென்றது. மனையில் ஒரு பகுதியை விற்றுவிடலாமா என்று ஓரிரவு யாமும் எம் துணைவியாரும் திண்ணையில் பேசியது அவர் செவியில் விழுந்துவிட்டது. மறுநாள் குழறிய நாவால் அவர் கேட்டார்: “மக்களே, நான் இனியும் இஞ்ச கிடக்கலாமா?”

தாம் கட்டிய வீட்டில் தாம் கிடப்பதற்கு மகனிடம் அனுமதி கேட்கும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது எது? நாங்கள் நகைத்துத் தள்ளிய அந்த ஒரு வரியே அன்றோ!

அமெரிக்காவிலே மக்களைக் குடியேற்றியுள்ள குடும்பங்கள் நம் காலனியிலும் உண்டு. அங்கே 1965-இல் ஏற்பட்ட மெடிக்கெய்டு என்னும் திட்டம், வசதியற்ற முதியோரின் பராமரிப்பு இல்லச் செலவை ஏற்கிறது. தனித்து வாழ்பவரின் கையிருப்பு 2,000 டாலருக்கு மேற்படலாகாது என்பது பெரும்பாலான மாநிலங்களின் விதி. குடியிருக்கும் வீடு போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. விண்ணப்பத்திற்கு முந்திய ஐந்தாண்டுகளில் சொத்தைப் பிறருக்கு வழங்கியிருந்தால், உதவி சில காலம் தள்ளிப்போகும். ஆகவே அங்குள்ளோர் சொத்தை முன்கூட்டியே மாற்றி எழுத வழி தேடுகின்றனர்.

நம் நாட்டு நிலை வேறு. மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே உரியவை. கேரளம் 2008-இல் பாலியேட்டிவ் கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துச் செவிலியர் இல்லந்தேடி வந்து புண் கழுவிக் குழாய் மாற்றிச் செல்கின்றனர். அது பெரும் பேறே. எனினும் இரவெல்லாம் உடனிருத்தல் அவர்க்கு இயலாது. ஆதலின் இங்கே முதியவருக்குத் தம் வீடே காவல். அதை ஆராயாது கைவிடலாகாது.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் நமக்கொரு துணை. அறுபது வயது நிறைந்தவர், தம்மைப் பேண வேண்டும் என்னும் நிபந்தனையோடு சொத்தை எழுதித் தந்து, பெற்றவர் பேண மறுத்தால், 23-ஆம் பிரிவின்படி அப்பத்திரத்தைச் செல்லாதென அறிவிக்குமாறு தீர்ப்பாயத்தைக் கோரலாம். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அத்தகைய நிபந்தனை இருந்தமை மெய்ப்பிக்கப்படல் வேண்டும் என்றது. 2025 ஜனவரியில், பேணுவதாக வாக்களித்துத் தானம் பெற்ற மகனிடமிருந்து தாய்க்குச் சொத்தை மீட்டளித்தது. நிபந்தனை எழுத்தில் இருந்தால் வழக்குக்கு வலிமை உண்டென்பது தெளிவு.

இச்சட்டத்தின்படி மாதப் பராமரிப்புத் தொகையும் கோரலாம். உச்ச அளவு 10,000 ரூபாய். எல்லையோர மக்கள் ஒன்றை நினைவிற் கொள்க: தாம் வாழும் மாவட்டத்திலோ, மக்கள் வாழும் மாவட்டத்திலோ இவ்விண்ணப்பத்தைத் தரலாம்.

எனவே பெரியோர்களே, உயில் எழுதுவதே பலருக்கும் நலம். உயிருள்ளவரை அதனை மாற்றலாம். இப்பொழுதே எழுதித் தருவதாயின், ஆயுட்கால அனுபவ உரிமையை நிறுத்திக்கொண்டு, பேண வேண்டிய கடமையையும் தெளிவுற எழுதுக. மகன் மனம் நோகுமென அஞ்சற்க. நல்ல மகனுக்கு அவ்வரி சுமையன்று.

யாம் மறுபடியும் பதிவு அலுவலகம் சென்று, தந்தையார் ஆயுள் வரை அவ்வீட்டை அனுபவிக்கும் உரிமையை அவருக்கே எழுதிப் பதிந்தோம். அப்பத்திரத்தைத் தம் தலையணையின் கீழ் வைக்கச் சொன்னார். பதினோரு திங்கள் கழித்து அவ்வீட்டிலேயே கண் மூடினார். மனையை யாம் விற்கவில்லை. அவருக்கென வாங்கிய கடனை இன்னும் அடைத்து வருகின்றோம். அது எமக்குப் பெரிதன்று. அவர் கேட்ட அக்கேள்வியே பெரிது. நம் காலனியில் எவ்வீட்டிலும் எந்தத் தந்தையும், எந்தத் தாயும் அவ்வாறு கேட்க நேராதிருப்பதாக.