உடற்பருமனும் உலக நாடுகளும்

 

பருமனுக்குக் காரணம் தனிமனிதரின் நாவாசையே என்று நாம் எண்ணுகிறோம். அங்ஙனமாயின், 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, தொங்காத் தீவில் வளர்ந்தோரில் பத்தில் அறுவருக்கு மேல் மிகையாகப் பருத்திருக்க, ஜப்பானில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவரே அவ்வாறிருப்பது ஏன்? தொங்கா மக்கள் கிழங்கும் மீனும் குறைத்து, கப்பலில் வந்த கொழுப்பிறைச்சிக்கும் சீனிக்கும் பழகினர். ஜப்பானியச் சிறாரோ பாடசாலையிலேயே அளவான சத்துணவுக்குப் பழகுகின்றனர்.

நம் மாத்தளையிலும் மலையேறிக் கொழுந்து பறிப்போரிடம் மெலிவையும், பட்டணத்தில் இருந்தபடி உழைப்போரிடம் பருமனையும் காண்கிறோம். 2017இல் நம் அரசு இனிப்புப் பானங்களுக்குச் சீனி வரி விதித்தது. பருத்தவரைப் பழிப்பதை விடுப்போம். சங்க விழாக்களில் சோடாவுக்குப் பதிலாக மோர் வழங்குவோம். குரக்கனை மீண்டும் நம் வீட்டு அடுப்பில் ஏற்றுவோம்.