தொழிலகத்தில் மனிதனின் இடம்



வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மேடையில் மனிதவள மேலாண்மை குறித்துச் சில சொல்ல விழைகிறோம். பெயர் புதிதாயினும் பொருள் நமக்குப் புதிதன்று. யாரை வேலைக்கு எடுப்பது, எந்த வேலையைத் தருவது, என்ன ஊதியம் அளிப்பது என்பதே அது.

1911-இல் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் அறிவியல் மேலாண்மையை நூலாக வகுத்தார். வேலையைக் கூறுகூறாகப் பிரித்து, காலத்தை அளந்து, உற்பத்திக்கேற்பக் கூலி தருவது அவர் வழி. சிந்திப்பது மேலாளர் கடமை. செய்து முடிப்பதே தொழிலாளி கடமை. 1924 முதல் 1932 வரை சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் ஆலையில் ஆய்வுகள் நடந்தன. அவற்றை விளக்கிய எல்டன் மேயோ, மதிப்பும் தோழமையும் உழைப்பை வளர்க்கும் என்றார். 1960-இல் டக்ளஸ் மெக்கிரிகர், மனிதன் இயல்பிலேயே சோம்பேறி என்னும் எண்ணத்தை மறுத்தார். 1984-இல் மிச்சிகன் மாதிரி, தேர்வு, மதிப்பீடு, ஊதியம், பயிற்சி ஆகிய நான்கையும் நிறுவனத்தின் இலக்கோடு பிணைத்தது. அதே ஆண்டு எழுந்த ஹார்வர்டு மாதிரியோ தொழிலாளர், சங்கம், அரசு, சமுதாயம் ஆகியோரின் நலனையும் கணக்கில் சேர்த்தது.

இவை யாவும் ஆலைக்குள் வந்துவிட்டவனைப் பற்றியே பேசின. வாயிலில் தடுக்கப்பட்டவன் நிலை என்ன? பம்பாய் ஆலைகளில் நூற்புப் பகுதியில் நம்மவர்க்கு இடமிருந்தது. கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் இடமில்லை. நாடாவின் துளை வழியே ஊடை நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். அதனால் தீட்டு என்றனர். 1928 வேலைநிறுத்தத்தின்போது இக்கொடுமையை அண்ணல் அம்பேத்கர் சங்கத் தலைவர்கள் முன்னும் எழுப்பினார். திறமையை அளக்கும் முன்னரே பிறப்பை அளந்த மேலாண்மை அது!

நம் புதுவையிலும் உரிமை ஏட்டிலிருந்து வரவில்லை. 1936 சூலை 30-இல் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் மடிந்தனர். தோழர் வ. சுப்பையா முன்னின்ற அப்போராட்டத்தின் பயனாக, 1937-இல் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இந்திய அரசில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை ஏற்றிருந்தவர் அண்ணல். 1946-இன் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வாரத்திற்கு 48 மணி நேரம் என வரையறுத்தது.

இன்று பஞ்சாலைகளின் சங்கொலி ஓய்ந்தது. ஏ.எப்.டி. ஆலையும் 2020-இல் மூடப்பட்டது. நம் உழவர்கரைப் பகுதியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலை தேடும் இளைஞனுக்கு இடஒதுக்கீடு துணை வராது. தனியார் துறைக்கு அது பொருந்தாது. ஒப்பந்தத் தொழிலாளியாகவே நுழைகிறவர் பலர். இந்நிலையில் ஆளெடுக்கும் அதிகாரம் யார் கையில் உள்ளது என்பதே நம் வாழ்வை முடிவு செய்கிறது.

ஆகவே, இளைஞர்களே! வேலை கேட்டு நிற்பதற்கு மட்டும் படியாதீர்கள். தொழிலாளர் சட்டமும் மேலாண்மையும் கற்று, தேர்வுக்குழுவின் நாற்காலியிலும் அமருங்கள். அங்கு அமர்ந்தபின், வாயிலில் நிற்பவனின் தெருவைக் கேளாது திறமையைக் கேளுங்கள். நமக்கு மறுக்கப்பட்ட நீதியை நாம் எவர்க்கும் மறுத்தல் ஆகாது. அதற்கான கல்வியைத் தருவதே இக்கழகத்தின் அடுத்த கால் நூற்றாண்டுப் பணியாகட்டும்.