புத்தகத்தை மூடிவிட்டுப் படிப்பது



பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டிப் பெயரும் எழுதியாகிவிட்டது. காலாண்டுத் தேர்வுக்குச் செப்டம்பர் வரை நாள் இருக்கிறது. அதனால் இந்த ஜூன் மாதத்தில் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், "இப்பதானே திறந்திருக்கு" என்ற பதில்தான் பல வீடுகளில் வரும். ஆனால் ஜூனில் தொடங்கினால் மட்டுமே முழுப் பலன் தரும் ஒரு படிப்புக் கலை இருக்கிறது. மார்ச் மாதத்தில் அதற்கு நேரம் இருக்காது. அந்தக் கலையைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

அது நமக்குப் புதியது இல்லை. உ.வே.சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு பிறந்தவர். தாம் சிறுவராக இருந்த காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தை 'என் சரித்திரம்' நூலில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். மணலில் எழுதிப் பழகியது, ஓலைச் சுவடி, மாணவர் தலைவனான சட்டாம்பிள்ளையின் அதிகாரம், உபாத்தியாயரின் பிரம்பு எல்லாம் அதில் வரும். அவற்றோடு ஒரு சிறிய வழக்கமும் வருகிறது. மாலையில் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவரிடமும் ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவார். அது ஒரு பூவின் பெயராகவோ ஊரின் பெயராகவோ இருக்கும். மறுநாள் காலையில் வந்ததும் பிள்ளை அதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

பார்வைக்குச் சின்ன விஷயம்தான். ஆனால் அந்த ஆசிரியர் செய்ததைக் கவனியுங்கள். பெயரைச் சொன்ன கையோடு, "எங்கே, திருப்பிச் சொல்லு" என்று அவர் கேட்கவில்லை. பிள்ளை வீட்டுக்குப் போகும், தெருவில் விளையாடும், சாப்பிடும், தூங்கும். மறந்துபோவதற்கான எல்லா வாய்ப்பையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு கேட்கிறார். கையில் ஓலையும் இல்லை, எழுதிவைத்த குறிப்பும் இல்லை. பிள்ளை தன் நினைவுக்குள்ளேயே தேடி எடுக்க வேண்டும். மறதி எட்டிப் பார்க்கும் நேரத்தில் தேடி எடுப்பது என்பதே நான் சொல்லவந்த கலை.

மறதியை முதன்முதலாக அளந்து பார்த்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளே இல்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாகத் தாமே மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மறுபடியும் படித்து, இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885இல் வெளிவந்த அவருடைய நூல் சொல்வது இதுதான்: ஒரு மணி நேரம் கழிந்தாலே மிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது. அதாவது பெரிய இழப்பு முதல் நாளிலேயே நடந்துவிடுகிறது, பிறகு இறக்கம் மெதுவாகிறது. "நேத்து படிச்சேன், இன்னைக்கு மறந்துபோச்சு" என்று அழுகிற பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டும். உன் மூளையில் ஒரு குறையும் இல்லை கண்ணே, எல்லா மனிதருக்கும் அப்படித்தான்.

இதற்கு நம் பிள்ளைகள் கண்டிருக்கும் மருந்து, திரும்பத் திரும்ப வாசிப்பது. மஞ்சள் மார்க்கரால் கோடு போட்டு, அதே பக்கத்தை நாலு முறை வாசிப்பார்கள். 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் ஒரு பகுதியை வாசித்தார்கள். பிறகு சிலர் அதையே மறுபடியும் வாசித்தார்கள். மற்றவர்கள் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி வாசித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறியது. மறுபடி வாசித்தவர்கள் 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 56.

எனக்கு அந்த ஐந்து நிமிட முடிவுதான் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. திரும்ப வாசித்தவுடன் எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கிறதே, அந்த உணர்வு அந்த நிமிடத்துக்கு உண்மைதான். அதை நம்பித்தான் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் பழைய ஒப்பித்தலுக்கே திரும்பிவிடலாமா என்று நீங்கள் கேட்கலாம். ஒப்பித்தலில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. புத்தகம் பாராமல் நினைவிலிருந்து எடுப்பது ஒன்று, அது பொன். பொருள் தெரியாமல் சொல்லை மட்டும் உருட்டுவது மற்றது. திண்ணைப் பள்ளிகளிலும் இந்த இரண்டாவது நிறையவே இருந்தது, பிரம்போடு சேர்ந்தே இருந்தது. அதை யாரும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். கைடில் உள்ள ஐந்து மதிப்பெண் விடையைக் காற்புள்ளி மாறாமல் உருப்போடும் பிள்ளையிடம், கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்டுப் பாருங்கள், திகைத்து நிற்கும். அது அந்தப் பிள்ளையின் குற்றம் இல்லை. வரி பிசகினால் மதிப்பெண்ணைக் குறைக்கும் பழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் இருக்கிறது. அதை நாம் மாற்றியே ஆக வேண்டும்.

செய்முறைக்கு வருவோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் இயக்க விதிகள். இன்று வகுப்பில் நிலைமம் நடத்தினார்கள் என்று வைத்துக்கொள்வோம். தம்பி, தங்கை, மாலையில் ஒரு முறை புரிந்து வாசி. புத்தகத்தை மூடு. ஒரு வெற்றுத் தாளை எடுத்து, நினைவுக்கு வருவதை உன் சொந்தச் சொல்லில் எழுது. நிலைமம் என்றால் என்ன, அதில் எத்தனை வகை, ஓடும் பேருந்து சட்டென்று நின்றால் நாம் ஏன் முன்னால் சாய்கிறோம்? வராத இடத்தில் உடனே புத்தகத்தைத் திறந்துவிடாதே. கொஞ்ச நேரம் முட்டி மோதிப் பார். பிறகு திறந்து, விட்டதை மட்டும் வேறு நிற மையால் எழுது. பத்து நிமிட வேலைதான். அடுத்து மறுநாள் ஒரு முறை, நாலு நாள் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை. ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிய பிறகுதான் எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வரும்.

இதனால்தான் ஜூனை வலியுறுத்துகிறேன். இந்த இடைவெளிகளுக்கு நாள் வேண்டும். தேர்வுக்கு முந்தின இரவில் இரண்டு வாரத்தை எங்கிருந்து கொண்டுவருவது?

கணக்குக்கும் இதே வழிதான், ஒரு சின்ன மாற்றத்தோடு. ஒரே பயிற்சியில் உள்ள கணக்குகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். முதல் கணக்கின் வழியிலேயே பத்தாவதும் விழுந்துவிடும். ஆகவே போன வாரக் கணக்கு இரண்டு, அதற்கு முந்தின வாரத்தது ஒன்று என்று கலந்து போடுங்கள். எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று கண்டுபிடிப்பதும் கணக்குத்தானே.

சேர்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கலாம். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்றே அது இங்கிலாந்தில் பரவியது. சொல்லிக் கொடுப்பவன் தன் நினைவிலிருந்து எடுத்துத்தானே சொல்ல வேண்டும்? கற்பிக்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் லாபம் சிறியது இல்லை.

கடைசியாகப் பெற்றோர்களுக்கு, அதிலும் பள்ளிக்கூடம் போக வாய்ப்புக் கிடைக்காத அம்மா அப்பாக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "எனக்கு என்ன தெரியும், நான் எப்படிச் சொல்லிக் கொடுக்க?" என்று தயவுசெய்து ஒதுங்கிவிடாதீர்கள். இந்தக் கலையில் நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை. கேட்டால் போதும். அடுப்படியில் வேலையாக இருக்கும்போதே, "நேத்து பள்ளிக்கூடத்துல என்ன நடத்துனாங்க, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். புரியாவிட்டால் "அது ஏன் அப்படி?" என்று மறுபடி கேளுங்கள். உங்களுக்கு நிஜமாகவே தெரியாது என்பது பிள்ளைக்குத் தெரியும். அதனால் கைடின் வரிகளை விட்டுவிட்டு, சொந்தமாக விளக்கப் பார்க்கும். அந்த இடத்தில் பாடம் அதற்குச் சொந்தமாகிறது.

சில நாள் சொல்ல வராமல் விழிக்கும். அப்போது திட்டாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவும் வேண்டாம். புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், இரண்டு நாள் விட்டு அதையே திரும்பக் கேளுங்கள்.