யாழ்ப்பாணத்தின் வெப்பமும் குளிரும்

ஸ்பெயின் நாட்டின் தென்கரையிலே மலாகா என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. ஐரோப்பியர் அதனை இதமான ஊர் எனப் போற்றுவர். அங்கே ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 12 பாகை செல்சியஸ்; ஓகஸ்ட் மாதத்திலோ ஏறத்தாழ 26 பாகை. இரண்டுக்கும் இடையே 14 பாகை வேறுபாடு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் குளிர்ந்த மாதத்தின் சராசரி 25 பாகையை அண்டியும், வெப்பமான மாதத்தின் சராசரி 30 பாகையை அண்டியும் நிற்கும். வேறுபாடு ஐந்து பாகை அளவே. அப்படியாயின், யாழ்ப்பாணத்துக்குப் பருவங்கள் இல்லையா?

வேறுபாடு சிறிதாயிருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு அண்மையில், ஏறத்தாழ 9 பாகை 40 கலை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. ஆண்டின் மிக நீண்ட பகலும் மிகக் குறுகிய பகலும் அங்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகவே வேறுபடும். மலாகாவிலோ அது ஐந்து மணி நேரம். இது முதலாவது காரணம். கடல் சூழ்ந்த நிலமாதலால் அக்கடல் பகலின் வெம்மையைத் தணித்து, இரவின் குளிர்ச்சியையும் தடுத்துவிடுகின்றது. இது இரண்டாவது.

ஆயினும் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் பருவங்களை நன்கறிவான். அவன் அவற்றைக் காற்றைக் கொண்டு அறிகின்றான். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து, வாடைக்காற்று வீசத் தொடங்கியதும், மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை 22 பாகையை அண்டி இறங்கும். உருளைக்கிழங்குச் செய்கைக்கு உகந்த காலம் அதுவே. இரவுக் குளிர்ச்சி இல்லாவிடில் கிழங்கு நன்கு பருக்காது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே பட்டங்களை ஏற்றுவதும் அந்த வாடையே.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஏப்பிரல் நடுப்பகுதியில், நண்பகற் சூரியன் குடாநாட்டின் உச்சிக்கு நேரே வந்து நிற்கும். ஓகஸ்ட் இறுதியில் மீண்டும் ஒருமுறை அவ்வாறே வரும். சித்திரை வெயிலைத் தொடர்ந்து, காண்டாவனம் என்று வழங்கும் அக்கினி நட்சத்திரக் காலம் வரும். பின்பு சோளகம் வீசும். அக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியைத் தென்மேற்கிலும் மலைநாட்டிலும் மழையாகப் பொழிந்துவிட்டே வடக்கை அடைகின்றது. ஆதலால், கொழும்பு நனையும் காலத்திலே யாழ்ப்பாணம் மழையின்றிக் கிடக்கும். இரவிலும் வெப்பநிலை 27 பாகைக்குக் கீழ் இறங்காத நாட்கள் பல.

இங்கேதான் வெப்பமானியை மட்டும் நம்புவதன் தவறு புலப்படுகின்றது. வியர்வை உலர்ந்தாலன்றி உடல் குளிராது. கடற்கரைக் காற்றில் நீராவி மிகுந்திருக்கும்போது வியர்வை உலர்வதில்லை. 33 பாகையே உடலுக்கு அதனினும் மிக்க வெப்பமாகப் படும். அதனாலேயே வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பநிலையோடு ஈரப்பதனையும் சேர்த்துக் கணித்து எச்சரிக்கை விடுக்கின்றது. வெயில் எங்களுக்குப் பழக்கந்தானே என்று அதனைப் புறக்கணித்தல் பேதைமை.

குளிரும் அத்தகையதே. 2022ஆம் ஆண்டு டிசெம்பரில் மாண்டஸ் சூறாவளி வங்காள விரிகுடாவிற் சென்றபோது, வடக்கு, கிழக்கு மாகாணங்களிலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மாண்டன. குளிரின் தாக்கமே காரணம் எனக் கால்நடை அதிகாரிகள் கூறினர். நீர் உறையும் குளிர் அன்று அது. ஆயினும் ஓயாத காற்றிலும் மழையிலும் ஒதுங்க இடமின்றி நனைந்து நின்ற உயிர்களுக்கு அதுவே கூற்றாயிற்று. ஒரு கொட்டிலும் காற்றுப்படாத ஒரு மறைப்பும் இருந்திருப்பின், அவற்றுட் பல பிழைத்திருக்கும். பால்மாட்டையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு அவ்விழப்பு எத்தகையது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

முன்னோர் இவ்வுண்மையை அறிந்தே வீடு கட்டினர். நடுவே முற்றம் திறந்த நாற்சார் வீடு, பனையோலை வேய்ந்த கூரை, வளவைச் சுற்றிப் பூவரசும் கிளுவையும் நிற்கும் உயிர்வேலி ஆகிய யாவும் வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடுவன. இன்றோ வேலி நின்ற இடத்தில் மதில் எழுகின்றது; ஓலைக்குப் பதிலாகத் தகரம் ஏறுகின்றது. பகலிற் சூடேறிய சீமெந்துத் தளம் இரவெல்லாம் அச்சூட்டை உமிழ்கின்றது. உலகம் முழுவதும் வெப்பம் ஏறிவரும் காலம் இது. ஐந்து பாகைக்குள் வாழ்வை அமைத்துக்கொண்ட ஒரு நாட்டுக்கு, ஒரு பாகை உயர்வும் சிறிதன்று.

பழைய வீட்டை அப்படியே மீண்டும் கட்டுதல் எல்லார்க்கும் இயலாது. ஆனால் மேற்குச் சுவரோரம் ஒரு வேம்பை நடலாம். தகரக் கூரையின் மேல் ஓலை பரப்பலாம். சித்திரை, வைகாசியில் நண்பகல் வேலையைக் காலைக்கு மாற்றலாம். மார்கழி மழைக்கு முன்னரே மாட்டுக்கொட்டிலின் வாடைப்பக்கத்தை அடைத்துவிடலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பருவம் வருமுன் நினைவிற் கொள்ளுதல் ஒன்றே வேண்டும்.