கழிவில் திணறும் செல்



இன்று மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயைப் பற்றிப் பேசப் போகிறேன். எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதால் வரும் நோய் இது.

மாணவர்களை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தால் நான் ஆசையாகக் காட்டுவது இந்தச் செல்லைத்தான். உட்கரு ஓர் ஓரமாக ஒதுங்கியிருக்கும். அதை ஒட்டி வெளிறிய பிறை ஒன்று தெரியும். செல் தயாரித்த புரதம் வெளியே போவதற்குத் தயாராகும் இடம் அது. சில செல்களில் புரதம் வெளியேற வழியில்லாமல் உருண்டை உருண்டையாகத் தேங்கி, திராட்சைக் குலை போலவே இருக்கும். மாட் செல் என்போம். பார்த்த மாணவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள்!

ஆன்டிபாடி தயாரிப்பதுதான் பிளாஸ்மா செல்லின் வேலை. அதுவும் நொடிக்கு ஆயிரக்கணக்கில். அந்த வேகத்தில் சில புரதங்கள் கோணலாக மடிந்துவிடும். அவற்றைத் துண்டு துண்டாக்கி அழிக்க, செல்லுக்குள் புரோட்டியசோம் என்ற அமைப்பு இருக்கிறது. 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்டிசோமிப் ஊசி அந்தப் புரோட்டியசோமை முடக்குகிறது. கழிவு சேரச் சேரச் செல்லுக்கு நெருக்கடி ஏறுகிறது. முதலில் உற்பத்தியைக் குறைத்துச் சமாளிக்கப் பார்க்கும். முடியாமல் போனால் தன்னையே அழித்துக்கொள்ளும். அதிகமாக உழைப்பதாலேயே அதிகமாக அடிபடுகிறது, பாருங்கள்.

நெசவாளரான ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஊசியே இவ்வளவு செய்யுதுன்னா மாத்திரை எதுக்கு டாக்டர்?"

செல் லேசில் விட்டுக்கொடுக்காது, அய்யா. ஒரு பாதையை மறித்தால், கழிவை அகற்ற இன்னொரு பாதையைத் தேடும். அதனால்தான் லெனலிடோமைடு மாத்திரையும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கூடவே போகின்றன. இந்த இரண்டு மட்டும் கொடுத்தவர்களையும், போர்டிசோமிப் சேர்த்துக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2017இல் வெளிவந்தது. நோய் மறுபடி தலைதூக்காமல் இருந்த காலம், நடுமதிப்பில் 30 மாதத்திலிருந்து 43 மாதமாக நீண்டது.

அந்தப் பெரியவரின் மகள் உடம்புக்கு நல்லதென்று பிளாஸ்க் நிறைய கிரீன் டீ கொண்டுவருவார். நேயர்களே, இதைக் கவனியுங்கள். கிரீன் டீயில் உள்ள ஒரு பொருள் போர்டிசோமிபைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யவிடாமல் தடுப்பதை 2009இல் ஆய்வுக்கூடத்திலும் எலிகளிலும் கண்டறிந்தார்கள். இந்த ஊசி போட்டுக்கொள்பவர்கள் கிரீன் டீயைத் தவிருங்கள். கஷாயம், சத்து மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இந்த ஊசியால் உள்ளங்கால் மரத்துப்போனாலும் மறைக்காதீர்கள். மருந்தின் அளவை மாற்றித் தர முடியும்.

நேரம் நெருங்கிவிட்டது. வீட்டுப் பெரியவர்களுக்கு விடாத முதுகுவலியும் ரத்தசோகையும் சேர்ந்து வந்தால், தைலம் தேய்த்தே மாதங்களை ஓட்டாதீர்கள். எலும்பு நொறுங்குவதற்கு முன்னால், நடந்து வரும்போதே அவர்களை எங்களிடம் அழைத்து வந்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.