ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கடை

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தன்னார்வத் தொண்டு பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். உபதேசம் ஆரம்பித்தால் நீங்கள் காபி மேசைப் பக்கம் நகர்ந்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் எஸ். ட்ரூயட் கேத்தி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1921-இல் பிறந்தவர். 'சிக்-ஃபில்-ஏ' என்ற கோழி சாண்ட்விச் கடைகளைத் தொடங்கியவர். அட்லாண்டா பக்கம் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்தப் பெயர் தெரிந்திருக்கும். நான் சைவம். எனக்கு அங்கே உருளைக்கிழங்கு வறுவல்தான். ஆனால் அவர் வாழ்க்கைக் கணக்கு எனக்குப் பிடிக்கும்.

குடும்பத்தில் பணக் கஷ்டம். வீட்டிலேயே ஆட்களைத் தங்கவைத்து அம்மா சமைத்துப் போட்டார். காய் வாங்குவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் இந்தப் பையன்தான். கூடவே ஆறு கோகோ கோலா பாட்டிலை 25 சென்ட்டுக்கு வாங்கி, ஒன்று 5 சென்ட் என்று விற்றார். ஆறு பாட்டிலுக்கு 5 சென்ட் லாபம். முதலுக்கு 20 சதவீதம்! நாங்கள் பி.காம். வகுப்பில் படித்ததை அவர் தெருவில் படித்திருக்கிறார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவத்தில் பணியாற்றிவிட்டு 1945-இல் வெளியே வந்தார். மறு வருடம் தம்பி பென்னோடு சேர்ந்து, அட்லாண்டாவை ஒட்டிய ஹேப்வில் ஊரில் ஒரு சிறிய உணவகம் தொடங்கினார். முதலீடு 10,600 டாலர். அதில் 6,600 வங்கிக் கடன். உள்ளே பத்து ஸ்டூல், நாலு மேசை. முதல் நாள் விற்பனை 58 டாலர் 20 சென்ட். வாரத்தில் ஆறு நாள், இருபத்துநாலு மணி நேரமும் கடை திறந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூட்டு.

அவர் கிறிஸ்தவர். அந்த நாள் வழிபாட்டுக்கும் குடும்பத்துக்கும். வேலை செய்கிறவர்களுக்கும் ஓய்வு என்பது அவர் முடிவு. ஓட்டல் தொழில் தெரிந்தவர்களைக் கேளுங்கள், விடுமுறை நாள் வியாபாரத்தை விட மனசு வருமா?

கஷ்டம் வராமல் இல்லை. 1949-இல் பென் உட்பட இரண்டு சகோதரர்கள் விமான விபத்தில் இறந்தார்கள். 1960-இல் இரண்டாவது உணவகம் தீயில் எரிந்தது. பிறகு 1967-இல் அட்லாண்டாவில் ஒரு வணிக வளாகத்துக்குள் முதல் 'சிக்-ஃபில்-ஏ' கடையைத் திறந்தார். அதற்கும் ஞாயிறு பூட்டுத்தான். 2014-இல் தன் 93-வது வயதில் அவர் இறந்தபோது 1,800-க்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. எல்லாவற்றிலும் அதே வழக்கம்.

ஓரினத் திருமணம் பற்றி அவர் மகன் 2012-இல் சொன்ன கருத்தாலும், குடும்ப அறக்கட்டளை கொடுத்த நன்கொடைகளாலும் அந்த நிறுவனத்துக்கு அங்கே பெரிய எதிர்ப்பு வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய எல்லாக் கருத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி நான் கேட்கவில்லை. ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்தப் பூட்டிய ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்தார் தெரியுமா? தேவாலயத்தில் பதின்மூன்று வயதுப் பையன்களுக்கு வகுப்பு எடுத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக! கடையில் வேலை பார்க்கும் இளைஞர்கள் படிக்க 1973 முதல் உதவித்தொகை கொடுத்தார். 1984-இல் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்குப் பிற்பாடு அதன் வழியாக வீடுகள் அமைத்தார். பணம் கொடுப்பது பணக்காரருக்குச் சுலபம் என்பீர்கள். சரி. ஆனால் வாரா வாரம் ஒரு பதின்மூன்று வயதுப் பையன் முன்னால் உட்காருவது? அதற்குக் காசோலை செல்லாது. ஆளே போக வேண்டும்.

வங்கி கவுன்டரில் பல வருடம் இருந்தவன் நான். "மாசக் கடைசியில் மிஞ்சினால் சேமிக்கிறேன் சார்" என்று சொன்னவர் யாருக்கும் மிஞ்சி நான் பார்த்ததில்லை. சம்பளம் வந்த அன்றே ஆர்.டி.க்குப் பிடித்தம் போகட்டும் என்றவர்தான் பெண் கல்யாணத்துக்குப் பணம் எடுத்தார். நேரமும் அப்படித்தான். கேத்தி தொண்டுக்கு நேரத்தைத் தேடவில்லை. முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் வியாபாரம் செய்தார்.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் நம் ஒவ்வொரு பிளாக்கிலும் இருக்கிறார்கள். நவம்பர் வந்தால் ஓய்வூதியத்துக்கு ஆயுள் சான்று கொடுக்க வேண்டும். இப்போது செல்பேசியில் முகம் காட்டியே கொடுக்கலாம். சொல்லித்தர ஆள் இல்லாமல் வெயிலில் ஆட்டோ பிடித்து அலைகிறார்கள். வைப்புத்தொகைக்கு வாரிசு நியமனம் செய்யாமலே ஒருவர் கண்ணை மூடினால், அவர் மனைவி எத்தனை படி ஏற வேண்டும் என்பதைக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் நான். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, பத்து நிமிட வேலை. கேட்க ஆள் இல்லாததால்தான் அது நடக்காமல் போகிறது.

எனவே ஒரு அறிவிப்பு. வரும் வாரத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து முதல் பதினொன்று வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். வங்கி, ஓய்வூதியப் படிவம் எதுவானாலும் கொண்டு வாருங்கள். கடவு எண்ணையும் ஓ.டி.பி.யையும் மட்டும் என்னிடமும் சொல்லாதீர்கள்!

எனக்கு இன்னும் ஆறு பேர் வேண்டும். வாரத்தில் மற்ற நாட்களில் ஆளுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரலாம். ஒருவர் பெரியவர்களுக்கு மருந்து வாங்கி வரலாம். காவலாளியின் மகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரலாம். "நேரம் இருந்தால் வருகிறேன்" என்று மட்டும் பெயர் கொடுக்காதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதிக் கொடுங்கள். நோட்டு அலுவலக மேசையில் இருக்கிறது. முதல் வரியில் என் பெயர் எழுதியாயிற்று.

காபி ஆறுவதற்குள் போகலாம்.